உயரும் கடலும் கரையோர மண்ணின் கரிமச் சேமிப்பும்

நம் நாட்டின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் நீளமுடையது என்று நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வந்தது. ஆற்று முகங்கள், ஓடைகள், தீவுகளின் விளிம்புகள் ஆகியவற்றின் நெளிவுகளையும் நுட்பமாக அளந்து அண்மையில் வெளியிடப்பட்ட கணக்கின்படி அதன் நீளம் 11,098 கிலோமீட்டராகும். இத்தகைய நெளிவுகளிலேயே அலையாத்திக் காடுகளும், உப்புச் சதுப்பு நிலங்களும், கடற்புல் படுகைகளும் பெரும்பாலும் அமைந்துள்ளன. 2023ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை நாட்டின் அலையாத்திக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர் எனத் தெரிவிக்கிறது. இதில் மேற்கு வங்கத்தில் மட்டும் 2,119 சதுர கிலோமீட்டரும், குஜராத்தில் 1,164 சதுர கிலோமீட்டரும், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 608 சதுர கிலோமீட்டரும் உள்ளன.

மீன், இறால், நண்டு ஆகியவற்றின் இனப்பெருக்கத்திற்கும், புயல் தாக்குதலிலிருந்து கரையைக் காப்பதற்கும் இக்காடுகள் உதவுவது நீண்ட காலமாக அறியப்பட்ட உண்மை. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போது, கேந்திரபாடா மாவட்டத்தில் அலையாத்திக் காடுகள் காத்து நின்ற கிராமங்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது பின்னர் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இவற்றோடு மற்றொரு பயனும் இப்போது பேசப்படுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, அதிலுள்ள கரிமத்தை நெடுங்காலம் தம்மிடம் வைத்துக்கொள்ளும் ஆற்றல் கரையோர வாழிடங்களுக்கு உண்டு. 2009ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கையொன்று இதற்கு ‘நீலக் கரிமம்’ என்று பெயரிட்டது. அதன் பின்னர் உலக நாடுகளின் தட்பவெப்பநிலைத் திட்டங்களில் இச்சொல் இடம்பெறலாயிற்று.

ஆனால் இந்தச் சேமிப்பு கடலின் விளிம்பில் இருக்கிறது, கடலோ உயர்ந்துகொண்டிருக்கிறது. அவ்வாறெனில் இந்தக் கருவூலத்தின் கதி என்ன? கடல் அதை அழிக்குமா, வளர்க்குமா? இவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. கடல் எவ்வளவு விரைவில் உயர்கிறது, ஆறு எவ்வளவு வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிறது, காட்டின் பின்புறத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்னும் மூன்றையும் பொறுத்தே விடை அமைகிறது. முதலாவது உலகம் முழுவதையும் சார்ந்தது. மற்ற இரண்டும் நம் திட்டங்களின் எல்லைக்குள் அடங்குவன.

மண்ணே கருவூலம்

காடு என்றதும் மரங்களே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அலையாத்திக் காட்டின் கரிமத்தில் பெரும்பகுதி மரத்தில் இல்லை. மரத்தின் அடியிலுள்ள சேற்றில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் பகுதிகளில் 25 இடங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, ஒரு ஹெக்டேர் அலையாத்திக் காட்டில் சராசரியாக 1,023 டன் கரிமம் இருப்பதாகக் கண்டது. கழிமுகக் காடுகளிலும் கடலோரக் காடுகளிலும் 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணிலேயே இருந்தது. ஒரு டன் கரிமம் முழுவதும் எரிந்தாலோ மட்கினாலோ சுமார் 3.67 டன் கரியமில வாயு உண்டாகும். எனவே அத்தகைய ஒரு ஹெக்டேர் காடு, 3,700 டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவைக் காற்றில் சேராமல் தடுத்து வைத்திருக்கிறது எனலாம். ஆற்று வண்டலால் உருவான சுந்தரவனம் போன்ற இடங்களில் மண்ணில் கனிமத் துகள்களே மிகுதி. ஆதலால் அங்கு ஒரு ஹெக்டேருக்கான அளவு இந்தச் சராசரியைவிடக் குறைவாகும்.

இம்மண் இவ்வளவு கரிமத்தை எவ்வாறு தேக்கி வைக்கிறது? இலை, கிளை, வேர் ஆகியன மடிந்தபின் சேற்றில் புதைகின்றன. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்குவதால் அச்சேறு எப்போதும் நீர் நிறைந்து, பிராணவாயு இன்றி இருக்கிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவுகளை மிக மெதுவாகவே சிதைக்க முடியும். ஆதலால் ஓராண்டுக் கழிவு முற்றிலும் மட்குவதற்கு முன்பே அடுத்த ஆண்டுக் கழிவும் வண்டலும் அதன்மேல் படிகின்றன. இவ்வாறு நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகக் கரிமம் சேர்கிறது. நன்னீர்ச் சதுப்பு நிலங்களில் இதே நிலையில் மீத்தேன் வாயு மிகுதியாக வெளிப்படும். கடல் நீரிலுள்ள சல்பேட் உப்புகள், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களைப் பெருகவிடாமல் செய்வதால், உவர்ச் சதுப்பு நிலங்களில் அவ்விழப்பும் குறைவு.

கடல் உயர்ந்தால் நேர்வது என்ன?

இங்கே ஒரு விந்தை உண்டு. கடல் மட்டம் பல நூற்றாண்டுகளாக மாறாமல் இருக்குமானால், சதுப்பு நிலத்தின் மேற்பரப்பு வண்டல் படிந்து மெல்ல உயர்ந்து, ஓதம் எட்டும் உயரத்தை அடைந்துவிடும். அதற்குமேல் வெள்ளம் அடிக்கடி ஏறுவதில்லை. புதிய வண்டலும் படிவதில்லை. நிரம்பிவிட்ட பத்தாயத்தைப் போல அந்நிலம் புதிய கரிமத்தை ஏற்கும் திறனைப் பெரிதும் இழக்கிறது. கடல் மட்டம் மெதுவாக உயரும்போது பத்தாயத்தின் விளிம்பும் உயர்கிறது. வெள்ளம் மீண்டும் ஏறி வண்டலைப் படிய வைக்கிறது. வேர்களும் புதிய மண்ணில் பரவுகின்றன. கரிமம் மேலும் புதைகிறது.

இது வெறும் ஊகமன்று. உலகின் பல பகுதிகளில் உள்ள உப்புச் சதுப்பு நிலங்களை ஒப்பிட்டு 2019ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கடந்த 6,000 ஆண்டுகளில் கடல் மட்டம் தொடர்ந்து உயர்ந்து வந்த கரைகளில், மட்டம் நிலையாக இருந்த கரைகளைக் காட்டிலும் மேல்மண்ணின் கரிமச் செறிவு 1.7 முதல் 3.7 மடங்கு வரை மிகுந்திருப்பதை அது எடுத்துக்காட்டியது. எனவே அளவோடு உயரும் கடல் கரிமச் சேமிப்புக்குப் பகையன்று, துணையே ஆகும்.

‘அளவோடு’ என்னும் சொல்லே இங்கு முக்கியமானது. கடலின் உயர்வு மண்ணின் உயர்வை விஞ்சிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. மரத்தின் மூச்சு வேர்கள் நீண்ட நேரம் நீரில் மூழ்கி, காற்றின்றித் திணறுகின்றன. புதிய நாற்றுகள் வேரூன்றுவதில்லை. மரங்கள் மடிந்தபின் மண்ணைப் பிணைத்து வைத்த வேர்வலை அழுகி, மண் தளர்ந்து தாழ்கிறது. அலைகள் அதை எளிதில் அரித்துவிடுகின்றன. காட்டின் கடலோர விளிம்பு இவ்வாறு பின்வாங்கும்போது, பின்புறத்தில் தாழ்வான வெற்றிடம் இருந்தால் காடு அத்திசையில் நகர்ந்து புத்துயிர் பெறும். அங்கே கரையணையோ, சாலையோ, உப்பளமோ, நகரமோ குறுக்கிடுமானால் கடலுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கி அழியும்.

எல்லை எங்கே?

மண் எந்த அளவுவரை கடலோடு போட்டியிட முடியும்? கடந்த 10,000 ஆண்டுகளில் 78 இடங்களில் படிந்த வண்டல்களை ஆராய்ந்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடை தேடியது. பனியுகத்தின் முடிவில் கடல் மிக விரைவாக உயர்ந்துகொண்டிருந்தது. அவ்வேகம் தணிந்த பிறகே அலையாத்திக் காடுகள் நிலைகொண்டு மண்ணை உயர்த்தத் தொடங்கின. நிலத்தை ஒப்பிடும்போது கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயருமானால், அலையாத்திக் காடுகள் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது அவ்வாய்வின் முடிவு.

உலக சராசரிக் கடல் மட்டம் 1901க்கும் 1971க்கும் இடையே ஆண்டுக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. 2006க்கும் 2018க்கும் இடையே அவ்வீதம் 3.7 மில்லிமீட்டராயிற்று. இவை பருவநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை தரும் எண்கள். வாயு வெளியேற்றம் மிகக் குறைந்தால் 2100க்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரையிலும், மிக அதிகமானால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலும் கடல் உயரக்கூடும் என்று அவ்வறிக்கை கூறுகிறது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்வு காணப்பட்டதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு குறிப்பிடுகிறது.

இவை சராசரிகளே. மரத்தின் வேர் உணர்வது அந்த இடத்தின் உயர்வையே. கடல் உயர்வதோடு நிலமும் தாழுமானால் இரண்டும் கூடிக் கணக்காகும். மேற்கு வங்கத்தின் டைமண்ட் துறைமுகத்தில் உள்ள ஓதமானியின் நீண்டகாலப் பதிவு ஆண்டுக்கு 5.16 மில்லிமீட்டர் உயர்வைக் காட்டியது. சென்னையில் அதே வகைப் பதிவு 0.33 மில்லிமீட்டரே. டெல்டா நிலம் அமிழ்ந்துகொண்டிருப்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய காரணம். நாட்டின் அலையாத்திக் காட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானது, கடல் மிக விரைவாக ஏறும் இந்த டெல்டாவிலேயே இருக்கிறது என்பது கருதத்தக்கது.

சுந்தரவனத்தின் நிலை

இந்தியாவிலும் வங்காளதேசத்திலுமாகச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள சுந்தரவனம் உலகின் மிகப் பெரிய தொடர்ச்சியான அலையாத்திக் காடு. இந்தியப் பகுதியிலுள்ள தேசியப் பூங்கா 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தியச் சுந்தரவனத்தில் உள்ள 102 தீவுகளில் 54இல் மக்கள் வாழ்கின்றனர். அவர்களது வயல்களையும் வீடுகளையும் உவர் நீரிலிருந்து காப்பதற்கு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்திற்கு மண் கரைகள் எழுப்பப்பட்டுள்ளன.

இக்காடு கடலோடு ஈடுகொடுக்க எவ்வளவு வண்டல் தேவை என்பதை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்த 10 கன மீட்டர் மண் வேண்டும். ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 50 கன மீட்டர். மேற்கு வங்கத்தின் 2,119 சதுர கிலோமீட்டர், அதாவது 2,11,900 ஹெக்டேர் காட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடி கன மீட்டர் மண் தேவைப்படுகிறது. கன மீட்டருக்கு ஒரு டன் எடை எனக் கொண்டால் இது ஒரு கோடி டன். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டொன்றுக்குக் கொண்டுவரும் வண்டல் ஏறத்தாழ 100 கோடி டன் என மதிப்பிடப்படுகிறது. தேவையோ அதில் நூற்றில் ஒரு பங்கு.

எனவே இப்பகுதியில் வண்டலுக்குப் பஞ்சமில்லை. வண்டல் வரும் வழிக்கே பஞ்சம். அப்பெரும் வண்டலில் மிகுதியானது கிழக்கே மேக்னா முகத்துவாரம் வழியாகக் கடலை அடைகிறது. இந்தியச் சுந்தரவனத்தின் நடுப்பகுதியில் உள்ள மாத்லா, பித்யாதரி போன்ற ஆறுகளின் மேற்பகுதிகள் தூர்ந்து போனமையால் அவற்றிற்கு மேலிருந்து நன்னீர் வரத்து இல்லை. கடலோதம் கொண்டுவரும் வண்டலையே அவை நம்பியுள்ளன. நன்னீர் குறைந்து உவர் மிகுவதால், வனத்திற்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும் சுந்தரி மரம் இப்பகுதிகளில் அருகி வருகிறது. உவர் தாங்கும் குட்டையான மரங்கள் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. மரம் குறுகும்போது மண்ணில் சேரும் வேரும் இலையும் குறைகின்றன.

மக்கள் வாழும் தீவுகளின் நிலை இதனினும் சிக்கலானது. கரையணை உவர் நீரைத் தடுக்கிறது. அதனோடு வண்டலையும் தடுத்துவிடுகிறது. வெளியே ஆற்றின் படுகையும் காட்டின் தரையும் உயர்ந்துவர, உள்ளே வயல்கள் உயராமல் நின்றுவிடுகின்றன. வங்காளதேசத்தின் குல்னா பகுதியில் கரையணை சூழ்ந்த தீவொன்றின் நிலம், அருகிலுள்ள காட்டின் தரையைவிட ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடப்பதை அளவீடுகள் காட்டியுள்ளன. கரை உடைந்தால் நீர் உட்புகுந்து வடியாமல் தேங்குவதன் காரணம் இதுவே. 2009 மே மாதத்தில் அய்லா புயல் கரைகளை உடைத்தபோது உவர் நீர் சூழ்ந்த வயல்கள் பயிரிடத் தகுதியற்றுப் போயின. கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்குக் கூலி வேலை தேடிப் பலர் இடம்பெயர்ந்தனர். 2020இல் அம்பன் புயலும், 2021இல் யாஸ் புயலும் அதே கரைகளை மீண்டும் சோதித்தன. லோஹாசரா தீவு கடலில் மூழ்கியது. கோராமாரா தீவு தன் முந்தைய பரப்பில் பாதியையும் இழந்துவிட்டது. அங்கிருந்து வந்த குடும்பங்கள் சாகர் தீவில் குடியமர்ந்துள்ளன.

அணைகளும் டெல்டாக்களும்

கங்கையின் டெல்டாவில் வண்டலின் பாதையே சிக்கல் என்றால், கிழக்குக் கரையின் பிற டெல்டாக்களில் வண்டலின் அளவே குறைந்துவிட்டது. ஹிராகுட் அணை 1957இலும், நாகார்ஜுனசாகர் அணை 1967இலும் பயன்பாட்டுக்கு வந்தன. பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றில் அவை நாட்டுக்கு அளித்த பயனை மறுக்க இயலாது. ஆனால் அணைகளின் நீர்த்தேக்கங்கள் வண்டலையும் தேக்கிக்கொண்டன. உலகின் டெல்டாக்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, இருபதாம் நூற்றாண்டில் கிருஷ்ணா டெல்டாவை அடையும் வண்டல் 90 சதவீதத்திற்கும் மேல் குறைந்துவிட்டதாக மதிப்பிட்டது. மகாநதி, கோதாவரி டெல்டாக்களிலும் குறைவு கணிசமானது. வண்டல் வராத டெல்டா தன் எடையாலேயே அமுங்குகிறது. கோதாவரி முகத்துவாரத்தின் கோரிங்கா காடும், கிருஷ்ணா முகத்துவாரத்தின் காடுகளும், ஒடிசாவின் பிதர்கனிகாவும் இந்தப் பின்னணியிலேயே கடலை எதிர்கொள்கின்றன. நீர்த்தேக்கத்தில் வண்டல் நிறைவது பாசனப் பொறியாளருக்கு ஓர் இழப்பு. அதே வண்டல் கீழே சென்று சேராதது கடலோரத்திற்கு மற்றோர் இழப்பு. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

அந்தமான் தந்த பாடம்

கடல் திடீரென உயர்ந்தால் என்ன நேரும் என்பதை இயற்கையே ஒருமுறை செய்து காட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தில் அந்தமான் நிக்கோபார் தீவுத்தொடரின் தென்பகுதி தாழ்ந்தது. வட அந்தமானின் ஒரு பகுதி உயர்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4.25 மீட்டர் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல் நீரால் சூழப்பட்டது. தென் அந்தமானில் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. பல நூற்றாண்டுகளில் நேர வேண்டிய கடல் உயர்வு சில நிமிடங்களில் நேர்ந்துவிட்டது.

விளைவு இரு வகையாக இருந்தது. நிக்கோபாரில் பழைய அலையாத்திக் காடுகளில் பெரும்பகுதி நிரந்தரமாக நீரில் மூழ்கி மடிந்தது. வட அந்தமானில் உயர்ந்த நிலத்தை ஓதம் எட்டாமல் காடுகள் வறண்டு மடிந்தன. ஆனால் தென் அந்தமானில், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அருகிலுள்ள சிப்பிகாட் போன்ற இடங்களில் கடல் நீர் புகுந்த நெல் வயல்கள் சதுப்பு நிலமாயின. அங்கே அலையாத்திச் செடிகள் தாமாகவே முளைத்தன. இடம் கிடைத்தால் காடு நகரும் என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் காட்டுக்குக் கிடைத்த அந்த இடம் ஓர் உழவரின் வயல் என்பதையும் மறத்தலாகாது. ஒரு பக்கம் கரிமம் சேர்கிறது. மறு பக்கம் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் போகிறது. உயரும் கடலைப் பற்றிய எந்தத் திட்டமும் தீர்க்க வேண்டிய மையச் சிக்கல் இதுவே.

மண் தாழ்வதற்கு எப்போதும் பூகம்பம் வேண்டுவதில்லை. மனிதர் கையும் போதும். தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டும் முறை வழக்கத்தில் இருந்தது. வெட்ட வெளியான சேறு வெயிலில் வற்றிச் சுருங்கித் தாழ்ந்து, தொட்டி போன்ற பள்ளங்களாயிற்று. உட்புகுந்த ஓத நீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உவர் மிகுந்து, மரம் மீண்டும் முளைக்கவில்லை. 1990களிலிருந்து வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்த பின்னரே அங்கு காடு திரும்பியது. நாற்று நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பது இதன் பாடம்.

கடற்புல்லும் உப்புச் சதுப்பும்

அலையாத்தி மட்டுமன்றி ஏனைய வாழிடங்களும் இதே விதிக்கு உட்பட்டவை. கடற்புல் நீரடியில் வளர்வது. அதற்கு உவரைவிட ஒளியே எல்லை. கடல் உயர உயர ஆழமான விளிம்பில் ஒளி குறைந்து புல் மடிகிறது. ஆழம் குறைந்த விளிம்பில் புதிய இடம் கிடைக்கலாம். ஆனால் கரை அரிப்பினால் நீர் கலங்கினால் அந்த வாய்ப்பும் குன்றுகிறது. நாட்டின் முதலாவது கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாக் விரிகுடாவில் அறிவிக்கப்பட்ட பகுதி, கடற்புல் படுகைகளையும் தன்னுள் கொண்டது. கட்ச் வளைகுடா போன்ற வறண்ட கரைகளில், அலையாத்தியின் பின்னால் பரந்த உப்புச் சதுப்புகள் உள்ளன. கடல் உயரும்போது அலையாத்தி இவற்றில் பரவலாம். அதற்கும் பின்னால் உப்பளங்களும் துறைமுகங்களும் இருப்பின், உப்புச் சதுப்பு நகர்வதற்கு இடமிருக்காது.

திட்டமிடுவோர் கருத வேண்டியவை

அலையாத்தி நடும் பணிக்கு அரசு முக்கியத்துவம் அளித்து வருகிறது. 2023-24 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டம், 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திக் காடுகளை வளர்க்கவும் மீட்கவும் நோக்கம் கொண்டது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் இளங்காடு தன் மண்ணில் கரிமத்தைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். முதிர்ந்த காட்டின் மண் அரிக்கப்பட்டாலோ, வடிக்கப்பட்டு வெயிலில் திறந்து கிடந்தாலோ, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரிமத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே காற்றில் கலக்கத் தொடங்கும். ஆகவே புதிதாக நடுவதைவிட இருப்பதைக் காப்பதே முதற்பணி. அதற்குப் பின்வருவன பயன்படும்.

முதலாவதாக, ஒவ்வொரு முக்கிய காட்டிலும் தரையின் உயர்வை ஆண்டுதோறும் மில்லிமீட்டர் அளவில் அளந்து, அருகிலுள்ள ஓதமானியின் பதிவோடு ஒப்பிடுதல் வேண்டும். வானிலிருந்து எடுக்கும் படம் காட்டின் பரப்பைக் காட்டும். காலடியில் மண் தோற்றுக்கொண்டிருப்பதை அது காட்டாது. பரப்பு மாறாமலே ஒரு காடு வீழ்ச்சியின் விளிம்பில் இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, நீர்த்தேக்கங்களைத் தூர் வாரும் திட்டங்களும், ஆற்று மணல் அள்ளும் உரிமங்களும், டெல்டாவின் வண்டல் தேவையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். பாசனத் துறைக்கும் வனத் துறைக்கும் பொதுவான வண்டல் கணக்கு ஒன்று ஒவ்வொரு ஆற்றுக்கும் தேவை.

மூன்றாவதாக, காடு நகர்வதற்கான இடத்தை இப்போதே ஒதுக்குதல் நன்று. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பை ஒட்டி 50 மீட்டர் இடைவெளி பேசப்படுகிறது. இன்றைய காட்டைக் காக்க இது உதவும். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள சமவெளியில் கடல் 30 சென்டிமீட்டர் உயர்ந்தால், ஓதத்தின் எல்லை 300 மீட்டர் உள்ளே நகரும். 50 மீட்டர் அதற்கு எவ்விதம் போதும்?

நான்காவதாக, கரையணைக்குள் வண்டலை அனுமதிக்கும் முறைகளை ஆராயலாம். வங்காளதேசத்தின் ஜெசோர், குல்னா பகுதிகளில் தாழ்ந்த நிலத்தைச் சில ஆண்டுகள் ஓதத்திற்குத் திறந்துவிட்டு, வண்டல் படிந்து உயர்ந்தபின் மீண்டும் பயிரிடும் முறை 1990களின் இறுதியிலிருந்து கையாளப்பட்டு வருகிறது. நிலம் உயர்கிறது, ஆறும் தூர் நீங்கி ஆழமாகிறது. ஆனால் அவ்வாண்டுகளில் விளைச்சல் இராது. அதற்கு ஈடு உரிய காலத்தில் கிடைக்காத இடங்களில் மக்கள் இம்முறையை எதிர்த்தனர் என்பதையும் நாம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாகவும் முடிவாகவும், இழப்பீடு. ஒடிசாவின் சாதபயா கிராமங்களைக் கடல் அரித்தபோது, மாநில அரசு அம்மக்களை பாகபாட்டியாவில் குடியமர்த்தியது. இத்தகைய மறுகுடியமர்வு, வீட்டு மனையோடு நின்றுவிடாமல் பிழைப்புக்கும் வழி செய்வதாக அமைதல் வேண்டும். ஒரு சிற்றூரின் வயல் நாட்டின் கரிமச் சேமிப்புக்காகவும், அண்டை ஊர்களின் புயல் காப்புக்காகவும் சதுப்பாக விடப்படுமானால், அதன் பயன் அனைவருக்கும் உரியது. அதன் சுமையை அவ்வூரார் மட்டும் தாங்குவது நீதியாகாது. காட்டின் காவல், மீன் வளர்ப்பு, தேன் சேகரிப்பு ஆகியவற்றில் அவர்களுக்கு நிலையான பங்கு அளிக்கப்பட்டால், காடும் அவர்களுடைய உடைமையாகும்.

கடலின் உயர்வை நாம் ஒருவராகத் தடுத்துவிட இயலாது. அது உலகின் புகைபோக்கிகளைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கடல் நம் கரையை அடையும்போது, அங்கே வண்டல் ஏந்திய ஆறும் பின்வாங்க இடமுள்ள காடும் இருக்குமா, அல்லது வற்றிய ஆறும் சுவர் சூழ்ந்த சேறும் இருக்குமா என்பது நம் கையில் உள்ளது. கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டர் என்னும் எல்லையை அடைவதற்கு முன் கிடைக்கும் சில பத்தாண்டுகளில் இவ்வேற்பாடுகளைச் செய்து முடித்தல் வேண்டும்.